இம்ப்ளான்ட் பல்லுக்கு எத்தனை நாள் ஆண்டிபயாடிக்?

முதலில் எனக்கு வந்த கேள்வி. தேவகோட்டையில் 63 வயது ஆத்தாவுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் (போன பல்லுக்குப் பதிலாக எலும்பில் முடுக்கும் டைட்டானிய ஸ்குரூ) வைத்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாளே மாத்திரை ஆரம்பம்: காலையும் இரவும் 625 (அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த ஆண்டிபயாடிக்), மூன்று வேளையும் மெட்ரோனிடசோல் 400 என்ற இன்னொரு ஆண்டிபயாடிக், ஏழு நாளைக்கு. எண்ணினால் 35 மாத்திரை. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன வருடம் இதே வேலை நடந்தபோது, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான்கு கேப்சூலை ஒன்றாக விழுங்கச் சொன்னார்களாம், அதோடு சரி. யார் செய்தது சரி? ஆத்தாவுக்கு இன்றோடு நான்காவது நாள், வயிறு லேசாகப் போகிறது, நிறுத்திவிடலாமா?

கடைசிக் கேள்விதான் அவசரம். அதை முடித்துவிடுகிறேன். இன்றே அந்த டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நாளுக்கு ஓரிரு முறை இளகிப் போவது 625-க்குச் சகஜம். தண்ணீராக மூன்று நான்கு முறைக்கு மேல் போனாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்கக் கூடாது. மெடிக்கலில் போய் வயிற்றை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். உடம்பில் தடிப்பு, முகம் வீங்குதல், மூச்சு வாங்குதல் எதுவும் இருந்தால் நேராக ஆஸ்பத்திரி.

இனி நிதானமாகப் பேசலாம். நான் காரைக்குடியில் இருபது வருடத்துக்கு மேலாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். அந்த 35 மாத்திரைச் சீட்டை நானும் வருடக்கணக்காக எழுதியிருக்கிறேன். அதனால் தேவகோட்டை டாக்டரைக் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆத்தாவின் வாயைத் திறந்து பார்த்தவரும் அவர்தான். ஆனால் ஆராய்ச்சி எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டால், அண்ணனுக்குக் கொடுத்த நான்கு கேப்சூல் பக்கம்.

அந்த நான்கு கேப்சூல் அமாக்சிசிலின் 500 மி.கி.யாக இருந்திருக்கும், ஆக 2 கிராம். இதைத்தான், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 2013-இல் அலசியது. ஆறு ஆய்வுகள், 1,162 பேர். ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் 2 அல்லது 3 கிராம் அமாக்சிசிலின் ஒரே வேளையாகச் சாப்பிட்டவர்களுக்கு இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டாமல் கழன்றுபோவது குறைந்திருந்தது. எவ்வளவு குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மாத்திரையே சாப்பிடாத நூறு பேரில் ஆறு பேர் இம்ப்ளான்டை இழந்தார்கள் என்றால், சாப்பிட்ட நூறு பேரில் இரண்டு பேர் இழந்தார்கள். அதாவது 25 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குப் பலன். மீதிப் பேரில் பெரும்பாலோருக்குக் கொடுக்காவிட்டாலும் ஒட்டியிருக்கும்; அரிதாக ஒருவருக்குக் கொடுத்தும் ஒட்டியிருக்காது. புண்ணில் சீழ் வைப்பது குறைந்ததா என்று பார்த்தால், தெளிவான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் ஐந்து நாள், ஏழு நாள் நீட்டுவதால் கூடுதல் நன்மை என்று சொல்லவும் அதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

ஏன் முன்னால் கொடுப்பதுதான் வேலை செய்கிறது? 1961-இல் ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் கினிப் பன்றிகளை வைத்து இதைக் காட்டினார். தோலில் கிருமியை ஏற்றினார். ஆண்டிபயாடிக்கை அதற்கு முன்பே கொடுத்தால் புண் பெரிதாகவில்லை. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தால், கொடுக்காததற்கும் கொடுத்ததற்கும் வித்தியாசமே இல்லை. வாயிலும் இதே கதைதான். ஈறைக் கீறி, எலும்பில் துளை போட்டு, ஸ்குரூவை முடுக்கும்போது அந்த இடத்தில் ரத்தம் உறையும். உறையும்போதே மருந்து ரத்தத்தில் இருந்தால் அந்தக் கட்டிக்குள்ளும் இருக்கும். தையல் போட்டு வீட்டுக்கு வந்து, ரசம் சாதம் சாப்பிட்டு, அதன்பிறகு போடுகிற மாத்திரை பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளி மாதிரிதான். அமாக்சிசிலின் வாய்வழி போனால் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்துக்கு வந்துவிடும். அந்த ஒரு மணி நேரக் கணக்கு இதிலிருந்து வந்ததுதான். முதல் நாள் இரவே ஆரம்பிப்பதில் லாபம் எதுவும் இல்லை. மறுநாள் காலைக்குள் அந்த மருந்து சிறுநீரில் போய்விடும்.

பல்லுக்கு மட்டும் சொல்லும் விஷயம் இல்லை இது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறுவை சிகிச்சைப் புண்களுக்கான வழிகாட்டுதலில், தடுப்புக்காகக் கொடுக்கும் ஆண்டிபயாடிக்கை ஆபரேஷன் முடிந்தபின் நீட்ட வேண்டாம் என்றே சொன்னது. வயிற்றைத் திறந்து குடலைத் தைக்கிற சர்ஜனுக்கே அந்த அறிவுரை. அரை அங்குல ஸ்குரூ வைக்கிற நாங்கள் ஒரு வாரம் எழுதுகிறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஸ்வீடனுக்குப் போக வேண்டும். அந்த நாட்டு மருத்துவ ஆராய்ச்சியாளர் பிரானமார்க் 1950-களில் முயலின் எலும்பில் டைட்டானியக் கருவி வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965-இல் முதல் மனிதருக்கு வைத்தார். 1982-இல் டொராண்டோ மாநாட்டுக்கு அப்புறம் உலகம் முழுக்கப் பரவியது. (டைட்டானியத்தின் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு தோல்தான் அதை அரிக்காமல் காக்கிறது. ஊருக்குள்ளேயே சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை வைத்துக்கொண்டிருக்கும் காரைக்குடிக்காரர்களுக்கு அரிமானத்தைப் பற்றி நான் பாடம் நடத்தக் கூடாது.) பிரானமார்க் குழுவின் ஆரம்பகால முறையில், ஒரு மணி நேரம் முன்னால் பெனிசிலின், அப்புறம் பத்து நாள் தொடர்ச்சி என்று இருந்தது. புது வைத்தியம், முதல் நோயாளிகள், அவர்கள் பயந்தது நியாயம். அதன்பிறகு ஸ்குரூவின் வடிவம் மாறியது, மேற்பரப்பு மாறியது, எலும்பு ஒட்டக் காத்திருக்கும் மாதங்கள்கூடக் குறைந்தன. மாத்திரை நாட்கள் மட்டும் பத்து, ஏழு, ஐந்து என்று மெதுவாக, மனசே இல்லாமல் இறங்கி வருகின்றன. ஆயா போட்டார், ஆத்தா போட்டார், நாமும் போடுகிறோம் என்று குழம்பில் கல்பாசி போடுவது மாதிரி. கல்பாசியாவது வாசம் தரும்.

பல நாடுகளில் பல் மருத்துவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். எங்கே கேட்டாலும் பதில் ஆளுக்கொன்றாகத்தான் வருகிறது. ஒருவர் முன்னால் மட்டும், ஒருவர் பின்னால் மட்டும், ஒருவர் இரண்டும், இன்னொருவர் நோயாளியைப் பார்த்து. ஒரே கல்லூரியில் படித்து ஒரே தெருவில் கிளினிக் வைத்திருப்பவர்களுக்குள்ளேயே மாறும். ஆராய்ச்சித் தாளைப் படித்துவிட்டு எழுதினால் இவ்வளவு வித்தியாசம் வராது. வேறு எதையோ பார்த்துத்தான் எழுதுகிறோம்.

எதைப் பார்த்து? என்னைக் கேட்டால், பயத்தைப் பார்த்து. பல் கட்டுவதிலேயே விலை கூடியது இது. பல்லாயிரம் என்ற சொல்லே இதற்காக உண்டானதோ என்று தோன்றும். அவ்வளவு வாங்கிவிட்டு, மூன்று மாதம் கழித்து ஸ்குரூ கையோடு வந்தால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? பட்டணத்தில் என்றால் அவர் வேறு டாக்டரிடம் போவார், கதை முடிந்தது. இங்கே காரைக்குடியில் ஒரு ஸ்குரூ ஆடினால் கண்டனூர், பள்ளத்தூர் வரைக்கும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். கல்யாண வீட்டு முகப்பில் உட்கார்ந்து பேச வேறு விஷயம் வேண்டாம். அதனால் ஏழு நாள் எழுதும்போது அந்த மாத்திரையில் பாதி நோயாளிக்கு, பாதி டாக்டரின் தூக்கத்துக்கு. நானும் அப்படித் தூங்கியவன்தான்.

செட்டிநாட்டுக்கென்றே இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து பதினைந்து நாள் லீவில் வருவார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, கும்பாபிஷேகம் எல்லாவற்றுக்கும் நடுவில் பல் வேலையும். கெட்டுப்போன பல்லைப் பிடுங்கி, அன்றைக்கே அந்தக் குழியிலேயே இம்ப்ளான்ட் வைத்து, பத்தாம் நாள் விமானம் ஏற்றிவிட வேண்டும். அப்புறம் சீழ் வைத்தால் நான் எங்கே, அவர் எங்கே? "எதற்கும் இருக்கட்டும்" என்று கூட மூன்று நாளைக்கு எழுதிவிடும் கை. காரணம் மனிதருக்குப் புரிகிற காரணம்தான். கிருமிக்குத்தான் அது புரியாது.

அப்புறம் அந்த மூன்றாம் நாள் போன். பல் டாக்டர் எல்லோருக்கும் தெரிந்த போன் இது. "டாக்டர், நேற்றைவிட இன்றைக்கு வீக்கம் கூடியிருக்கு. மாத்திரை கேட்கவில்லை போல. வேற பவராக எழுதித் தாருங்களேன்." ஆபரேஷனுக்கு அப்புறம் வீக்கம் இரண்டாம் நாளிலிருந்து மூன்றாம் நாளுக்குள்தான் உச்சத்துக்கு வரும். அது உடம்பு ஆறுகிற வழி. கிருமியின் வேலை இல்லை. நான்காம் நாள் தானாக வற்ற ஆரம்பிக்கும். ஆனால் மூன்றாம் நாள் இரவு புது ஆண்டிபயாடிக் எழுதிக்கொடுத்தால், நான்காம் நாள் வீக்கம் வற்றிய புண்ணியம் அந்த மாத்திரைக்குப் போகும். நோயாளிக்கும் நம்பிக்கை, டாக்டருக்கும் நம்பிக்கை. அடுத்த முறை முதல் நாளிலிருந்தே அந்தப் "பவரான" மாத்திரைதான். வீக்கம் வற்றத் தொடங்கிய பின் மறுபடி கூடினால், துடிக்கிற மாதிரி வலி கூடிக்கொண்டே போனால், சீழோ காய்ச்சலோ இருந்தால், அப்போதுதான் விஷயம் வேறு. அதற்கும் முதலில் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். போனில் மருந்து மாற்றக் கூடாது.

நான் மாறியதற்குக் காரணம் ஆராய்ச்சித் தாள் என்று சொன்னால் பொய். ஒரு செட்டியார், அவருக்கு மணிவிழா. போட்டோவில் பல் தெரிய வேண்டும் என்று முன்பே வந்து இம்ப்ளான்ட் வேலையெல்லாம் ஒழுங்காக முடிந்தது. விழாவுக்குப் பத்து நாள் முன்னால் இன்னொரு பக்கத்தில் ஒரு ஸ்குரூ பாக்கி இருந்ததை வைத்தேன். 625 ஏழு நாள், மெட்ரோனிடசோலும் சேர்த்து. ஆறாம் நாளே வயிறு பிடித்துக்கொண்டது. திருக்கடையூருக்கு வேனில் சொந்தபந்தத்தோடு கிளம்பியவர், தஞ்சாவூர் வருவதற்குள் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். கலசாபிஷேகத்தின்போது மணையில் உட்கார்ந்திருந்த முகத்தை ஆல்பத்தில் எனக்குக் காட்டினார். பல் பளிச்சென்று தெரிந்தது. முகத்தில் களையே இல்லை. "பல்லுக்கு ஒண்ணும் ஆகல டாக்டர், எனக்குத்தான் ஆயிருச்சு" என்றார். அந்த ஸ்குரூவுக்கு 2 கிராம் ஒரு வேளை போதுமாயிருந்திருக்கும்.

625 என்பது அமாக்சிசிலின் 500-உடன் கிளாவுலானிக் அமிலம் 125 சேர்ந்தது. அந்த 125-தான் வயிற்றைக் கலக்கும் ஆள். காற்றில்லா இடத்தில் வளரும் கிருமிகளையும் 625 பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் மெட்ரோனிடசோல் சேர்ப்பது ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு. வாயில் உலோகக் கசப்பு, குமட்டல், இவை மட்டும் கூடுதலாகக் கிடைக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு மெட்ரோனிடசோல் கொடுத்தால் ரத்தம் மேலும் இளகிவிடும். இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மாலையில் ஒரு பெக் போடும் பழக்கம் உள்ள பெரியவர்களும் மெட்ரோனிடசோல் நாட்களில் அதைத் தொடக் கூடாது. வாந்தியும் படபடப்பும் வரலாம்.

அமாக்சிசிலினும் பெனிசிலின் வகைதான் என்பதால், "எனக்குப் பென்சிலின் ஒத்துக்காது" என்று சொல்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுவயதில் ஊசி போட்டபோது ஏதோ தடித்தது என்று ஆத்தா சொன்னது, அது ஜாதகம் மாதிரி கூடவே வரும். முறையாகச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அலர்ஜி இருக்காது. மீதி ஒருவருக்கு உண்மையான ஆபத்து, அதனால் யாரும் வீட்டில் சோதிக்க வேண்டாம். அலர்ஜி டாக்டரிடம் போகலாம். முன்பெல்லாம் இப்படிச் சொன்ன எல்லோருக்கும் கிளிண்டாமைசின் எழுதிவிடுவோம். குடலில் கடுமையான பேதியைக் கிளப்பும் குளோஸ்ட்ரிடியம் கிருமிக்கு அது கதவைத் திறந்துவிடும் என்பதால், அமெரிக்க இதயச் சங்கம் 2021-இல் பல் சிகிச்சைக்கான தடுப்பு மருந்துகளின் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டது.

மாத்திரை கூடினால் என்ன கெட்டுப்போகும் என்பதற்கு நான் புள்ளிவிவரம் தேடிப் போக வேண்டியதில்லை. கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த பெரியவருக்குப் பல் பார்க்கப் போனேன். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் என்னை உட்கார வைத்து, ஆச்சி ஒரு மங்கு டப்பாவைக் கொண்டுவந்தார். பச்சை விளிம்பு வைத்த பழைய பர்மா மங்கு. அதில் ஒரு காலத்தில் சீப்பு சீடை இருந்திருக்கும். திறந்தால் மாத்திரை. கத்தரியால் வெட்டின ஸ்ட்ரிப்புகள். இரண்டு 625, நான்கு அசித்ரோமைசின், ஏதோ ஒரு டாக்சிசைக்ளின், தேதி இருந்த பக்கம் வெட்டுப்பட்டுப் போன மூன்று சிவப்பு கேப்சூல். "இது பல்லுக்கு, இது சளிக்கு, இது காய்ச்சலுக்கு" என்று நிறத்தை வைத்தே எடுத்துச் சொன்னார். வேலைக்கு வரும் பெண்ணின் பிள்ளைக்குப் போன வாரம் காய்ச்சல் என்று அதிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார், புண்ணியம் என்று நினைத்து. அதில் ஒரு ஸ்ட்ரிப் என் சீட்டில் வாங்கியது. ஏழு நாள் எழுதியதில் மூன்று நாளிலேயே பெரியவருக்கு வலி போய்விட்டது. மீதி டப்பாவுக்குள் போய்விட்டது.

நாட்டில் எத்தனை வீட்டில் இப்படி டப்பா இருக்கும்! கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போனதால் நேரடியாக நேர்ந்த இறப்புகள் 2019-இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு சொல்கிறது. அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் தங்காத நோயாளிகளுக்கு எழுதும் ஆண்டிபயாடிக் சீட்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று பல் மருத்துவர் கையெழுத்தில் போகிறது. நம் ஊரில் சீட்டே இல்லாமல் போவதும் சேர்த்தி. அட்டையில் ஒரு சிவப்புக் கோடு இருக்குமே, சீட்டு இல்லாமல் இதை வாங்காதே என்று 2016-இல் மத்திய அரசு பிரசாரமே செய்தது. ஆச்சியின் டப்பாவில் இருந்த ஸ்ட்ரிப்பிலும் அந்தக் கோடு இருந்தது. வெட்டும்போது கோட்டோடு சேர்த்துத்தான் வெட்டியிருந்தார்கள்.

எல்லோருக்கும் ஒரு வேளைதான் என்று நான் சொல்லவில்லை. செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு ஒருமுறை இதய உட்சுவரில் கிருமித் தொற்று வந்தவர்கள் போன்றோருக்கு அமாக்சிசிலின் 2 கிராம் முப்பதிலிருந்து அறுபது நிமிடத்துக்கு முன்னால் கட்டாயம். அங்கேயும் ஒரே வேளைதான் என்பதைக் கவனியுங்கள். முழங்கால் மாற்றிக்கொண்ட ஆச்சிகள் "கால் டாக்டர் கட்டாயம் ஆண்டிபயாடிக் போடச் சொன்னார்" என்பார்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015-இலேயே, மூட்டு மாற்றியிருக்கிறார் என்பதற்காக மட்டும் பல் சிகிச்சைக்கு முன் ஆண்டிபயாடிக் பொதுவாக வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஏற்கெனவே சீழ் இருந்த இடம், பெரிய அளவில் எலும்புத்தூள் வைத்துக் கட்டியது, மேல்தாடைக்கு மேலிருக்கும் காற்றறையான சைனஸின் அடியைத் தூக்கி எலும்பு வைத்தது, சுகர் கட்டுக்குள் இல்லாதவர், இவர்களுக்கு நானும் சில நாள் நீட்டுவதுண்டு. உங்கள் ஆத்தாவுக்கும் இதில் ஏதாவது ஒன்று இருந்திருக்கலாம். அதைத்தான் கேட்க வேண்டும்: "ஆத்தாவுக்கு இத்தனை நாள் கொடுக்கத் தனியாக ஏதும் காரணம் இருக்கா டாக்டர்?" இப்படிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "சிங்கப்பூரில் இப்படி இல்லையே" என்று ஆரம்பித்தால் கோபித்துக்கொள்வார்கள்; நானும் கோபித்துக்கொள்வேன்.

ஸ்குரூவை உண்மையில் காப்பாற்றுவது எது என்றால், மாத்திரையைவிடச் சலிப்பான விஷயங்கள். எலும்பில் துளை போடும்போது 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் சூடேறினாலே எலும்பு செத்துப்போகும். அதனால் குளிர்ந்த சலைன் ஊற்றிக்கொண்டே, கூர்மையான டிரில்லால், விட்டு விட்டுப் போட வேண்டும். மொட்டையான டிரில்லை மாற்றாமல் ஒரு வாரம் 625 எழுதுவதில் அர்த்தம் இல்லை. கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஒழுங்காக ஓட வேண்டும். ஆபரேஷனுக்கு முன் குளோர்ஹெக்சிடின் தண்ணீரில் ஒரு நிமிடம் வாய் கொப்பளிக்க வேண்டும். சுகர் மூன்று மாதச் சராசரி என்ன என்று பார்க்க வேண்டும். சிகரெட், வெற்றிலையோடு சேர்ந்த புகையிலை, இரண்டையும் நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிடம் பேச வேண்டும். சீட்டில் 625 என்று எழுத நான்கு விநாடி. எது நடக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் சாதாரணமாகச் செய்வது: ஆண்டிபயாடிக்குக்குச் சீட்டே எழுதுவதில்லை. அமாக்சிசிலின் 500 நான்கு கேப்சூலைக் காகிதக் கவரில் போட்டு, காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி, என் முன்னாலேயே விழுங்கச் சொல்கிறேன். பத்து மணிக்கு வேலை. வலிக்கு மாத்திரை தனி. "இவ்வளவுதானா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஐந்தாம் நாள் வரை தினமும் சாயங்காலம் நானே போன் செய்து கேட்கிறேன். மாத்திரை எழுதுவதைவிட அதுதான் சிரமம்.

ஆத்தா விஷயத்துக்கு வருகிறேன். எடுத்த மருந்தை முழுதாக முடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வது, உள்ளே தொற்று இருந்து அதற்குச் சிகிச்சை கொடுக்கும்போது. தடுப்புக்காகக் கொடுத்தது என்றால் டாக்டரே பாதியில் நிறுத்தச் சொல்லலாம். அது எந்த வகை என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் போன் செய்யுங்கள் என்றேன். நிறுத்தச் சொன்னால் மிச்சம் 16, 17 மாத்திரை இருக்கும். அதை மறுபரிசோதனை நாளன்று டாக்டரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். ஆத்தா மங்கு டப்பாவைத் தேட ஆரம்பிப்பதற்கு முன்னால்.